அக்கா, நடுச்சுவரை இடித்துவிட்டோம்

அக்கா,

இன்று காலை சாம்பாருக்குத் தாளிக்கும்போது பெருங்காயம் கை தவறி அதிகமாக விழுந்துவிட்டது. கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த என் மகன் ரவி மூக்கை உறிஞ்சிவிட்டு, "என்னம்மா, பெரியம்மா வந்துட்டாங்களா?" என்று கேட்டான். மருமகள் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உங்கள் சமையலில் பெருங்காயம் கூடுதல் என்று இந்த வீதி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். கடைசியில் என் கையிலிருந்தே அந்த வாசனை கிளம்பினால் எப்படி இருக்கும்? அதுவும் உங்கள் அடுப்படியில் நின்றுகொண்டு!

ஆமாம், உங்கள் அடுப்படியில்தான். நீங்கள் போன பிறகு நடந்தது எதுவும் உங்களுக்குத் தெரிய வழியில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நம் நடுச்சுவரை இடித்துவிட்டோம். கீழராஜ வீதியில் பாத்திரக்கடைக்கு மேலே இருக்கிற இந்த மாடி வீடு மறுபடியும் ஒரே வீடாகிவிட்டது. ஐந்தாவதோடு நின்றவள் எழுதும் எழுத்து, முன்னே பின்னேதான் இருக்கும். நீங்கள் எட்டாவது வரை படித்ததை எனக்கு ஞாபகப்படுத்தாத வாரம் கிடையாது. அதனால் நிதானமாக, எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் இந்த மாடிப்படி ஏறி வந்த நாள் நினைவிருக்கிறதா? உங்களுக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்காது. உங்கள் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு, மாலை கூட வாடாமல் வந்து நிற்கிறேன். நீங்கள் மயில் கழுத்து நிறத்தில் பட்டுச்சேலை கட்டி, மூத்த மருமகள் என்ற மிதப்போடு நின்றீர்கள். என் சீர்ப் பாத்திரங்களைக் கூடத்தில் பரப்பி வைத்திருந்தார்கள். நீங்கள் ஒரு குடத்தை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தீர்கள். பிறகு எல்லார் காதிலும் விழும்படி, "ஒரத்தநாட்டுல இதத்தான் பித்தளைம்பீங்களா?" என்று கேட்டீர்கள். கும்பகோணத்தில் பிறந்த ஒரே காரணத்தால் பித்தளைக்கும் காபிக்கும் நீங்களே பட்டயம் வாங்கி வந்த மாதிரி. என் அம்மாவின் முகம் சுருங்கியது. அந்தச் சுருக்கத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

ஆனாலும் அன்று மாலையே, கூட்டம் கலைந்த பிறகு, நீங்கள் எனக்கென்று தனியாக ஒரு டவரா காபி கொண்டுவந்து தந்தீர்கள். "குடிடி, காலையிலேருந்து ஒண்ணும் உள்ள போகல ஒனக்கு" என்றீர்கள். அப்படி ஒரு காபியை நான் அதற்கு முன் குடித்ததில்லை. அதை உங்களிடம் கடைசிவரை சொல்லவில்லை. இப்போதும் கொஞ்சம் தயக்கமாகத்தான் எழுதுகிறேன்.

சுவர் வந்ததற்கு நாம் இருவரும் காரணமில்லை. அதை மட்டும் இருவரும் ஒத்துக்கொண்டோம். வலங்கைமான் பக்கத்தில் இருந்த நிலத்தில் அண்ணன் வயலும் தம்பி வயலும் ஒரே வாய்க்காலில். உங்கள் வீட்டுக்காரர் வயல் மேலே, எங்கள் வீட்டுக்காரர் வயல் கீழே. முறை வைத்துத் தண்ணீர் விடவேண்டிய ஒரு குறுவைப் பருவத்தில், உங்கள் பக்கத்து ஆள் மடையை அடைக்காமல் வீட்டுக்குப் போய்விட்டான். எங்கள் நாற்றங்கால் காய்ந்து வெடித்தது. வாய்க்கால் கரையில் ஆரம்பித்த சண்டை பஸ் ஏறி, தஞ்சாவூர் வந்து, நம் மாடிப்படியும் ஏறியது. அண்ணனும் தம்பியும் கூடத்தின் நடுவே நின்று கத்தினார்கள். நீங்களும் நானும் அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தோம்.

"என்னடி, ஒன் வீட்டுக்காரரு நாக்கக் கடிக்கிறாரு?"

"உங்க வீட்டுக்காரரு வேட்டிய மடிச்சுக் கட்டுறாரே, அதப் பாருங்க."

அதற்குள் கூடத்திலிருந்து, "நடுவுல சுவர வை!" என்று ஒரு சத்தம். யார் சத்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு பேர் குரலும் ஒரே மாதிரி.

சுவர் வீதிப் பக்கத்து ஜன்னலில் ஆரம்பித்து, கூடத்தைப் பிளந்து, அடுப்படியையும் பிளந்து, பின்கட்டு வரை போனது. பெரிய ஜன்னலுக்கு நடுவே போய் முட்டியதால் உங்களுக்கு ஒரு கதவு, எனக்கு ஒரு கதவு. ஆட்டுக்கல் உங்கள் பக்கம், தண்ணீர்க் குழாய் என் பக்கம். வீட்டுப் பூனையை மட்டும் எப்படிப் பங்கு வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. சுவர் எழும்பிக்கொண்டிருந்தபோது நீங்கள் மேஸ்திரியிடம் போய், "அடுப்படி மூலையில தரையோட ஒரு ஓட்டை விட்டுருங்க, பூனை போகணும்" என்றீர்கள்.

"பூனைக்கு எதுக்குடி வழி?" என்று உங்கள் வீட்டுக்காரர் சீறினார்.

"அது ரெண்டு பங்குலயும்தான் எலி புடிக்குது. வாய்க்காத் தகராறு அதுக்குத் தெரியுமா?"

மேஸ்திரி சிரித்துக்கொண்டே ஓட்டை விட்டார். ஒரு தூக்குவாளி நுழையும் அளவு. பூனை போகத் தூக்குவாளி அகலம் எதற்கு என்று ஆண்கள் இருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு அன்றே புரிந்தது. புரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இனி பால் விஷயத்துக்கு வருகிறேன்.

சுவர் காய்ந்ததும் இரண்டு பக்கமும் தனிக்குடித்தனம் என்றாகிவிட்டது. தனிக்குடித்தனம் என்றால் பால் காய்ச்ச வேண்டும். ஒரே பஞ்சாங்கம், ஒரே நல்ல நேரம்; ஆளுக்கொரு அடுப்பில் ஒரே வேளையில் பால் ஏற்றினோம். அதற்கு முந்தின நாள் முழுக்க நீங்கள் ஆட்டுக்கல் பக்கம் உட்கார்ந்து பால் காய்ச்சும் பித்தளைப் பாத்திரத்தைத் தேய்த்த சத்தம் ஓட்டை வழியாக எனக்குக் கேட்டது. கறக் கறக் என்று. ஒரத்தநாட்டுப் பித்தளையும் பித்தளைதான் என்று காட்டாமல் விடுவேனா? நானும் புளியை அள்ளி வைத்துத் தேய்த்தேன். நீங்கள் நிறுத்தினால் நான் நிறுத்துவேன்; நீங்கள் ஆரம்பித்தால் நானும். முகம் பார்க்கலாம், அப்படி மின்னியது என் பாத்திரம். உள்ளும் புறமும்.

மறுநாள் காலை, பால் சூடாகி ஓரம் நுரைத்தது. கை கூப்பி நிற்கிறேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பால் துண்டு துண்டாகப் பிரிந்து, பச்சைத் தண்ணீராகத் திரிந்துபோனது. புதுக்குடித்தனத்தில் முதல் பால் திரிந்தால் ஒரு பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து உங்கள் குரல்: "பொங்கிருச்சு! பால் பொங்கிருச்சு!" கூடவே நம் நாத்தனார் குலவை.

கொஞ்ச நேரத்தில் கரண்டியால் சுவரில் டொக் டொக் என்று தட்டும் சத்தம். அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. குனிந்து பார்த்தேன். பூனை ஓட்டை வழியாக ஒரு தூக்குவாளி வந்தது. திறந்தால் திரட்டுப்பால். சூடாக, வெல்ல வாசனையோடு. எனக்குப் பொங்கியதைப் பார் என்று காட்டவே கொடுத்தனுப்பியிருக்கிறாள் என்று நினைத்தேன். அப்படியே பூனைக்கு வைத்துவிட்டேன். அது முழுவதையும் நக்கித் தின்றுவிட்டு, மீசையில் ஒட்டிய இனிப்போடு ஓட்டை வழியாக உங்களிடமே வந்தது. துரோகி.

"பூனைக்கு இனிப்பு ஆகாதுடி" என்று உங்கள் குரல் கேட்டது. அவ்வளவுதான் சொன்னீர்கள்.

அதன் பிறகு நம் காலம் அந்த ஓட்டையைச் சுற்றித்தான் ஓடியது. ஆண்கள் இருவரும் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். நாம் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல், உலகத்தில் உள்ள அத்தனையையும் பேசினோம். என் குழாய்த் தண்ணீர் குடம் குடமாக வாசல் சுற்றி உங்களிடம் வந்தது. என் ஊறவைத்த அரிசி ஓட்டை வழியாகப் போய், மாவாகத் திரும்பியது. மாவில் ஒரு கரண்டி குறையும். நீங்கள் "அரைக்கிறவளுக்கு ஒரு தோசை கிடையாதா?" என்பீர்கள். அந்த ஒரு கரண்டியையும் நான் மறக்கவில்லை.

நமக்குள் ஒரு முறை இருந்தது. எது வேண்டுமானாலும் அந்த ஓட்டையில்தான் கேட்க வேண்டும். நேரில், வாசலில், கோயிலில் கேட்டால் கௌரவக் குறைச்சல். நேரில் பார்த்தால் "சௌக்கியமா" என்பதோடு சரி. உங்கள் பெண் சுமதிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது என் ஆரத்தைப் பெண்ணுக்குப் போட்டு அனுப்ப நீங்கள் கேட்டதும் அங்கேதான். "கேக்குறேன்னு நெனச்சுக்காத, கேட்டுப் பாக்குறேன்" என்றீர்கள். ஆரம் ஓட்டை வழியாகப் போனது. கல்யாணம் முடிந்து, மஞ்சள் கயிற்று வாசனையோடு திரும்பி வந்தது. கேட்கிற வேலை எப்போதும் உங்களுடையதாகவே இருந்தது என்று நீங்கள் மனசுக்குள் எண்ணிக்கொண்டு வந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று. எனக்கு வேண்டியதை நான் கேட்கமாட்டேன். "இங்க கறிவேப்பில தீந்துபோச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொல்லுவேன். அது கேட்பது ஆகாது.

வைகாசியில் கருட சேவை வரும். முன்பெல்லாம் பெருமாள் வீதியில் போகும்போது நாம் மாடியில் நிற்கக் கூடாது என்று மாமியார் கீழே துரத்திவிடுவார். முழங்கால் போன பிறகு நீங்கள்தான் முதலில் துணிந்தீர்கள். "பெருமாளுக்கு நம்ம முழங்காலப் பத்தித் தெரியும்டி, வா ஜன்னலுக்கு" என்றீர்கள். ஆளுக்கொரு பாதி ஜன்னல். உங்கள் வளையல் கை மட்டும் எனக்குத் தெரியும். பெருமாள் உங்கள் பாதிக்குத்தான் முதலில் வருவார். நீங்கள் "வந்துட்டாரு, வந்துட்டாரு! ஐயோ என்ன அலங்காரம்!" என்று எனக்கு முன்னாலேயே கன்னத்தில் போட்டுக்கொள்வீர்கள். எனக்குக் குடை நுனிகூடத் தெரியாது. இதை நான் பெருமாளிடமே சொல்லி முறையிட்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரர் போனார், எங்கள் வீட்டுக்காரர் போனார். பிறகு நீங்களும் போனீர்கள். அதைப் பற்றி எழுதப் போவதில்லை. அன்று நான் என்ன பாடுபட்டேன் என்று இந்த வீதிக்குத் தெரியும். உங்கள் பக்கம் பூட்டு விழுந்தது. சுமதி தோஹாவில். பூட்டிய வீட்டிலிருந்தும் பூனை ஓட்டை வழியாகப் பெருங்காய வாசனை வந்துகொண்டேயிருந்தது. பலகையில், டப்பாவில், சுவரிலேயே ஊறிப்போயிருந்தது போல.

போன வருஷம் ரவி ஓர் இஞ்சினீயரைக் கூட்டி வந்தான். அவர் தளத்தைத் தட்டிப் பார்த்தார், உத்திரத்தை நோட்டம் பார்த்தார். "வீடு நல்லாத்தான் இருக்கு. ஆனா பாதிய மட்டும் சரி பண்ண முடியாது. பண்ணா முழுசும் பண்ணணும்" என்றார். அந்த நேரம் பார்த்துக் கீழே பாத்திரக்கடைக்காரர், உங்கள் பாதியைக் குடோனாக்க சுமதியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். குடோன் வந்தால் பழைய தளம் அண்டாவும் குண்டானும் சுமக்கும். இந்தப் பக்கம் நான் குடியிருக்க முடியாது. ரவி மெடிக்கல் காலேஜ் ரோட்டில் லிப்ட் வைத்த வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான்.

"அங்க காத்து வரும்மா. லிப்ட் இருக்கு, படி ஏற வேண்டாம்."

"அங்க போய் யாரோட சண்ட போடுறது?"

"ஏம்மா, இங்க மட்டும் யாரு இருக்கா சண்ட போட?"

இந்தச் சுவரை விட்டுப் போகமாட்டேன் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

சுமதி வந்தாள். கடைக்காரரோடு பேசி முடிக்கத்தான் வந்திருந்தாள். பூட்டைத் திறந்தாள். "சித்தி, உள்ள வாங்க" என்றாள். உங்கள் அடுப்படி அப்படியே இருந்தது. ஆட்டுக்கல்லின் மேல் பழைய புடவையைப் போட்டு மூடி வைத்திருந்தீர்கள், ஏதோ குழந்தையைத் தூங்க வைத்த மாதிரி. நான் காபி போட்டுக் கொண்டுவந்தேன். அவள் குடித்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள்.

"சித்தி, ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணும் இல்லயே."

"நெஜமாவா?"

"ஒன் பங்கு. ஒன் இஷ்டம். நான் என்னத்தச் சொல்ல?"

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். உங்கள் சிரிப்பு. தோள் குலுங்கும், சத்தம் வராது. "அம்மா சொன்ன மாதிரியே இருக்கீங்க சித்தி."

"என்ன சொன்னா ஒங்கம்மா?"

"'ஒன் சித்தி கேட்டா விக்காத. கேக்கலைன்னா வித்துரு. இத்தன வருஷமா அவ வாயத் தொறந்து எங்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. நான் பாக்கக் கொடுத்து வெக்கல, நீயாவது பாரு'ன்னாங்க."

அக்கா, போகிறபோதும் இப்படி ஒரு கண்ணி வைத்துவிட்டா போவீர்கள்? எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "அவளுக்கென்ன, பால் பொங்குன மகராசி! எனக்கு அன்னைக்கே திரிஞ்சுபோச்சு. அவ என்ன வேணா சொல்லுவா" என்று கத்தினேன்.

சுமதி புருவத்தைச் சுருக்கினாள். "எந்தப் பாலு?"

"சுவரு வெச்சப்போ காச்சுன பாலு. நீ தொட்டில்ல கெடந்த."

"யாரு சொன்னா பொங்குச்சுன்னு? எங்க பக்கமும் திரிஞ்சுதான் போச்சு. அம்மா எத்தன தடவ சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருக்காங்க. 'ஒன் சித்தியும் நானும் போட்டி போட்டுப் புளி வெச்சுத் தேச்சோம், ஒருத்தியும் உள்பக்கத்த ஒழுங்கா அலசல'ம்பாங்க."

நான் ஆட்டுக்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்ப பொங்கிருச்சுன்னு கத்துனா? குலவ போட்டாங்களே?"

"நீங்க அந்தப் பக்கம் காது கொடுத்துக்கிட்டு இருப்பீங்கன்னு தெரியுமாம். விட்டுக் கொடுக்க மனசு வரல. அத்தைக்கும் சாடை காட்டிக் குலவ போட வெச்சிருக்காங்க. அப்புறம் மனசு கேக்காம, திரிஞ்ச பாலுல வெல்லத்தப் போட்டுக் கிண்டி ஒங்களுக்கு அனுப்புனாங்க. பாத்தா புரிஞ்சுக்குவீங்கன்னு நெனச்சாங்களாம். பொங்கின வீட்டுல பாயசம்தான வெப்பாங்க, திரட்டுப்பால் ஏன் வரப்போகுது?"

உண்மைதான். ஊரெல்லாம் சமையல்காரி என்று பெயர் வாங்கிய எனக்கு அது அன்று தோன்றவில்லை. கோபம் வந்தால் மூக்கும் நாக்கும் அடைத்துக்கொள்ளும் போல. ஆனால் ஒன்று கேட்கிறேன். தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை? ரவிக்கு மஞ்சள் காமாலை வந்தபோது அந்தப் பாலை நினைத்தேன். எங்கள் வீட்டுக்காரருக்கு நெல் மண்டியில் நஷ்டம் வந்தபோது நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் திரிந்த பாலை நினைத்துக்கொண்டு விளக்கேற்றினேன். நீங்களோ புளியென்று தெரிந்துகொண்டே, அந்தப் பக்கம் உட்கார்ந்து தோளைக் குலுக்கிச் சிரித்திருக்கிறீர்கள். இதை நான் மன்னிக்கவில்லை. தெளிவாக எழுதி வைக்கிறேன்: மன்னிக்கவில்லை.

ஆனால் அன்று என்ன ஆயிற்றென்றால், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுமதி சிரிக்க, நான் சிரிக்க, கீழே பாத்திரக்கடையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். பிறகு நான் எழுந்தேன். வெளியே வந்து, வாசல் சுற்றி என் பக்கம் போனேன். அடுப்படி மூலையில், முழங்கால் இரண்டும் கடகடவென்று சத்தம் போட, சுவரைப் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். கரண்டியை எடுத்துத் தட்டினேன்.

அந்தப் பக்கம் புடவை சரசரத்தது. அவளும் உட்கார்ந்தாள்.

"என்ன சித்தி?"

வாயைத் திறந்தேன். வரவில்லை. மறுபடி திறந்தேன்.

"விக்காதடி. எனக்கு இந்த வீடு வேணும். கேக்குறேன்."

மூக்கடைத்த குரலில், "இன்னொரு தடவ சொல்லுங்க சித்தி. அம்மாவுக்குச் சரியாக் கேட்டிருக்காது" என்றாள்.

"ஒரு தடவதான் சொல்லுவேன். கேக்கலைன்னா அது அவ காதுக் கோளாறு."

ஓட்டை வழியாக அவள் கை நீண்டு வந்தது. நான் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான் அக்கா, பேச்சு முடிந்தது. பாதி அவள் பேரிலேயே இருக்கும். வரும்போது தங்க அவளுக்கு ஓர் அறை. சுவர் மட்டும் போக வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அடுப்பு மேடை அம்மா பக்கம்தான் இருக்க வேண்டும், ஆட்டுக்கல்லை நகர்த்தக் கூடாது. உங்கள் மகள் இல்லையா! என் அடுப்படி இருந்த இடத்தில் இப்போது துணி துவைக்கிற மெஷின் நின்று உறுமுகிறது. அதைக் கடக்கும்போதெல்லாம் முறைத்துவிட்டுத்தான் போகிறேன்.

சுவர் இடிக்க வந்த மேஸ்திரி நல்ல மனுஷர், கொஞ்சம் பேச்சுக்காரர். நான் அவரிடம், "சுவர எடுத்துருங்க. மூலையில இருக்கிற பூனை ஓட்டைய மட்டும் விட்டுருங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார். "ஏம்மா, சுவர எடுத்துட்டு ஓட்டைய மட்டும் எப்படிம்மா விடுறது?"

"அது ஒங்க வேல. ஒங்களுக்குத்தான தெரியணும்."

ரவி தலையில் அடித்துக்கொண்டான். கடைசியில் ஓட்டையைச் சுற்றி, முழங்கால் உயரத்துக்கு ஒரு துண்டுச் சுவரை மட்டும் விட்டு, மேலே கடப்பைக்கல் பதித்துக் கொடுத்தார்கள். பார்க்கிறவர்கள் உட்காரும் திட்டு என்று நினைக்கிறார்கள். இப்போது ஒரு சாம்பல் பூனை வந்து போகிறது. கூடம், அடுப்படி எல்லாம் விரியத் திறந்து கிடக்கிறது. அது மட்டும் அந்த ஓட்டைக்குள் நுழைந்துதான் அந்தப் பக்கம் போகிறது. அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். என்னைப் பார்த்தும் சிரிக்கிறார்கள். உங்கள் பக்கம் போக வேண்டுமென்றால் எனக்கு இன்னும் கால் தானாக வாசலுக்குப் போய்ச் சுற்றி வருகிறது. இல்லாத சுவரில் இடித்துக்கொள்வேனோ என்று ஒரு கூச்சம்.

வீட்டைப் பார்த்தால் நீங்கள் குறை சொல்ல ஏதாவது கண்டுபிடிப்பீர்கள். ஆனால் நன்றாகவே இருக்கிறது. பழைய தேக்கு உத்திரத்தைச் சுரண்டி எண்ணெய் கொடுத்ததில் தேன் நிறம் வந்திருக்கிறது. சுவர் நின்ற இடத்தில் தரையில் ஒரு நீளத் தழும்பு. அதில் வேறு நிறக் கல்லைப் பதிக்கச் சொல்லிவிட்டேன். மறைக்க வேண்டாம் என்றேன். ஜன்னலின் இரண்டு கதவும் இப்போது ஒரே தள்ளில் திறக்கின்றன. இந்த வைகாசியில் நான் உங்கள் பாதியில் போய் நின்றுகொண்டேன். பெருமாள் எனக்கு முதலில் வந்தார். "வந்துட்டாரு, வந்துட்டாரு!" என்று கத்தி, அலங்காரத்தைச் சொல்ல வாயெடுத்துப் பார்த்தால், அந்தப் பாதியில் கேட்க யாரும் இல்லை. அதனால் என்ன, கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

போன வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினோம். சுமதி லீவு போட்டு வந்திருந்தாள். எவர்சில்வர் பாத்திரத்தை மருமகள் எடுத்து வைத்தாள். நான் வேண்டாம் என்று சொல்லி, உங்கள் பித்தளைப் பாத்திரத்தையும் என் பித்தளைப் பாத்திரத்தையும் பரணிலிருந்து இறக்கச் சொன்னேன். ஈயம் பூசி வாங்கி வைத்திருந்தேன். இரண்டையும் நானே தேய்த்தேன். புளியால்தான். பிறகு அலசினேன். சுமதி, "சித்தி, போதும், பாத்திரம் கரைஞ்சுடும்" என்று சொல்லும்வரை அலசினேன். உங்கள் மேடையில் இரண்டு அடுப்பிலும் ஏற்றினோம். உங்களுடையதை அவள் பார்த்துக்கொண்டாள், என்னுடையதை நான். ஓரம் நுரைத்தது. நடுவே குமிழ் விட்டது. பிறகு இரண்டு பாத்திரத்திலும், ஒன்று முந்தி ஒன்று பிந்தி என்றில்லாமல், வெள்ளையாக எழும்பி வழிந்து மேடையெல்லாம் ஓடியது. நான்தான் குலவை போட்டேன். பல் கட்டியதிலிருந்து குலவை சரியாக வருவதில்லை, ஆனாலும் போட்டேன்.

எல்லாரும் பாயசத்துக்கு உட்கார்ந்தபோது டொக் டொக் என்று ஒரு சத்தம். சுமதியைக் காணவில்லை. குனிந்து பார்த்தேன். துண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம், அவ்வளவு பெரிய கூடத்தில் இடமா இல்லை, தரையில் உட்கார்ந்திருக்கிறாள். ஓட்டை வழியாக உங்கள் பழைய தூக்குவாளி வந்தது. திறந்தேன். திரட்டுப்பால். சூடாக. சாம்பல் பூனை ஓடி வந்து பக்கத்தில் நின்று என்னை ஏறிட்டுப் பார்த்தது.

அதற்குக் கொடுக்கவில்லை, அக்கா. முழுவதையும் நானே சாப்பிட்டேன்.

வெல்லம் ஒரு பிடி அதிகம்.